கடை ‘இல்லை’ என்று சொன்னவை: ஒரு போட்டோ ஸ்டுடியோவின் மூன்று ஆண்டுகள்

பின்னணி

இந்த ஆய்வில் வருவது ஒரு போட்டோ ஸ்டுடியோ. அதோடு சேர்ந்து ஒரு கலர் லேபும் உண்டு. 2016-இல் கணக்குப் பார்த்துத் தரச்சொல்லி என்னை அழைத்தார்கள். 2019 முடியும் வரை மாதம் ஒருமுறையாவது போய்வந்தேன். பெயர், ஊர் எதுவும் வராது என்ற உறுதியின் பேரில் உரிமையாளர் எழுத அனுமதித்தார். தொகைகளைச் சொல்லவில்லை. 2008-ஆம் ஆண்டு வரவை 100 என்று வைத்து, மற்றதை அதற்கு ஒப்பிட்டே எழுதியிருக்கிறேன்.

உரிமையாளருக்கு அப்போது வயது 54. கேமரா பிடிக்கவும், இருட்டறையில் கழுவவும் இளம் வயதிலேயே கற்றவர். அவருக்குக் கீழே நான்கு பேர்: 19 ஆண்டுகளாக லேப் இயந்திரத்தை ஓட்டிவந்த ஆபரேட்டர், கவுன்ட்டரைப் பார்த்துக்கொண்ட பெண், வெளி நிகழ்ச்சிகளுக்குப் போகும் இளம் போட்டோகிராபர், படங்களை வெட்டி உறையில் போடும் உதவியாளர்.

2004-இல் ஒரு நாளைக்குச் சராசரியாக 70 பிலிம் ரோல் கழுவிய கடை இது. 2016-இல் வாரத்துக்கு நான்கு ரோல் வந்தாலே அதிகம். பிலிம் விற்பனை உலகெங்கும் 2000-ஐ ஒட்டி உச்சம் தொட்டுச் சரியத் தொடங்கியது. ஆனால் இந்தக் கடை அந்தச் சரிவில் உடனே விழவில்லை. டிஜிட்டல் கேமரா வைத்திருந்தவர்கள் பென் டிரைவில் படம் கொண்டுவந்து பிரின்ட் போட்டார்கள். 2008 கடையின் மிகச் சிறந்த ஆண்டாக அமைந்ததற்கு அதுதான் காரணம். அதன்பின் படம் எடுப்பது செல்போனுக்குப் போனது, படம் பார்ப்பதும் செல்போனுக்கே போனது. வரவு 2015-இல் 41, 2016-இல் 34.

இதைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லோரும் பிலிம் தயாரித்த கோடாக் நிறுவனத்தின் கதையைத்தான் சொல்கிறார்கள். தொழில்நுட்பம் மாறுவதை அந்த நிறுவனம் கவனிக்கவில்லை, 2012-இல் திவாலானது என்று. உண்மையில் 1975-இலேயே டிஜிட்டல் கேமராவை உருவாக்கிக் காட்டியவர் கோடாக்கின் பொறியாளர்தான். அங்கே அறிவுக்குக் குறைவில்லை. இந்த உரிமையாளருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. "பிலிம் போயிடுச்சு, பிரின்ட்டும் போயிட்டிருக்கு" என்று முதல் நாளே என்னிடம் சொன்னவர் அவர்தான். தெரிந்தபின் திங்கட்கிழமை காலை கடையைத் திறந்து என்ன செய்வது என்பதில்தான் சிக்கல்.

நான் போவதற்கு முன்பு நடந்தவை

2015 நடுவில் பிரின்ட் விலையை 20 சதவீதம் குறைத்திருந்தார். அப்போது ஒரு பிரின்டின் விலையில் பேப்பர், கெமிக்கல் போன்ற நேரடிச் செலவு 60 சதவீதம், மீதம் 40. விலையில் 20 குறைத்தால் மீதம் பாதியாகிறது. பழைய லாபத்தைத் தொடவே இரண்டு மடங்கு பிரின்ட் ஓட வேண்டும். ஓடியது 9 சதவீதம் கூடுதல். இந்தக் கணக்கை அவர் முன்கூட்டிப் போட்டுப் பார்க்கவில்லை. ‘விலை குறைந்தால் கூட்டம் வரும்’ என்ற பழைய அனுபவத்தை நம்பினார். கூட்டம் இருந்த காலத்தில், அடுத்த கடைக்குப் போகிறவரை இழுத்துவர விலைக்குறைப்பு உதவியது. இப்போதோ பிரின்ட்டே வேண்டாம் என்று வீட்டில் இருப்பவரை எந்த விலையும் கிளப்பவில்லை.

அடுத்து மக்கில் படம் அச்சிடும் இயந்திரம் வாங்கினார். மூன்று மாதம் நன்றாக ஓடியது, பிறகு ஆன்லைனில் வீட்டுக்கே வரத் தொடங்கியதும் நின்றது. கடைக்கு வெளியே விளக்குப் பலகை மாற்றினார். சமூக வலைத்தளத்தில் பக்கம் தொடங்கி விளம்பரம் செய்தார். இவற்றைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை.

கணக்கில் கண்டது

கடையின் கணக்குப்படி 2016-இல் ஒவ்வொரு 100 வரவுக்கும் செலவு 96. அதாவது மெலிதான லாபம். 14 மாதங்களாக உரிமையாளர் தனக்கென்று ஒரு பைசாகூட எடுக்காதது அந்தக் கணக்கில் இல்லை. ஆபரேட்டருக்குக் கொடுக்கும் அளவே அவருக்கும் சம்பளம் என்று சேர்த்தபோது செலவு 108 ஆனது. சிறு தொழில்களில் நான் அடிக்கடி பார்ப்பது இது. முதலாளியின் உழைப்பு இலவசம் என்று எழுதப்படாமல் எழுதப்பட்டிருக்கும். கடை நட்டத்தில் ஓடுவது அந்த இலவசத்துக்குள் ஒளிந்துகொள்ளும்.

வரவைப் பிரித்தோம். பாஸ்போர்ட் அளவுப் படங்கள் 38 சதவீதம், வெளி நிகழ்ச்சிகள் 27, லேபில் போடும் பிரின்ட் 24, பிரேம், ஆல்பம் போன்றவை 11. பிறகு செலவைப் பிரித்தபோது லேப் இயந்திரம் தனியாகத் தெரிந்தது. பராமரிப்பு ஒப்பந்தம், கெமிக்கல், பேப்பர், மின்சாரம் எல்லாம் சேர்த்து 100 வரவுக்கு 36-ஐ அது எடுத்துக்கொண்டது. ஈட்டித் தந்தது 24. ஆபரேட்டரின் சம்பளத்தை இதில் சேர்க்கவே இல்லை.

வேலை குறையக் குறையச் செலவும் குறையவேண்டாமா என்று கேட்டேன். ஆபரேட்டர் என்னை உள்ளே அழைத்துப்போய்க் காட்டினார். கலர் பிலிம் டெவலப்பர் (பிலிமில் படத்தை வெளிக்கொணரும் கெமிக்கல்) 37.8 டிகிரி செல்சியஸில் நிற்க வேண்டும். பேப்பர் கழுவும் தொட்டிகளுக்கும் சூடு தேவை. ரோல் வந்தாலும் வராவிட்டாலும் ஹீட்டர் ஓடும். தொட்டியில் உள்ள கெமிக்கல் புதுப்பிக்கப்படுவதோ வேலையின் அளவைப் பொறுத்து: பேப்பர் உள்ளே போகப் போகப் புதுக் கெமிக்கல் சொட்டுச் சொட்டாகச் சேரும். பேப்பர் போகாவிட்டால் பழையதே தொட்டியில் நின்று, காற்றுப் பட்டு ஆக்சிஜனேற்றம் அடைந்து, வீரியம் இழக்கும். தினமும் காலையில் ஓட்டிப் பார்க்கும் கன்ட்ரோல் ஸ்ட்ரிப்பில் நிறம் விலகும். சரிசெய்ய, தொட்டியைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்க வேண்டும். 2016-இல் அப்படிக் கொட்டியது ஐந்து முறை. "கூட்டத்துக்குப் பொறந்த மெஷின் சார் இது. சும்மா நின்னா இதுக்கு உடம்பு சரியில்லாமப் போயிடும்" என்றார்.

வாடிக்கையாளர் குறைந்ததால் மட்டும் பழைய முறை நட்டம் தரவில்லை என்பதை அங்கே நின்றபோதுதான் புரிந்துகொண்டேன். குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் அந்த முறையே கெட்டுப்போகிறது. பிரின்ட்டின் தரம் குறைய, அதைப் பார்த்து இன்னும் சிலர் வராமல் போக, தொட்டி இன்னும் சும்மா நிற்க, சுழல் இறுகிக்கொண்டிருந்தது.

நோட்டு

விற்றதற்குக் கணக்கு இருந்தது. மறுத்ததற்கு எந்தக் கணக்கும் இல்லை. கவுன்ட்டர் பெண்ணிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, யாராவது கேட்டு நீங்கள் ‘இல்லை’ என்று சொன்னால் தேதியோடு ஒரு வரி எழுதுங்கள் என்றேன். செப்டம்பர், அக்டோபரில் எட்டு வாரம். அவராகவே ஒரு காரியம் செய்தார்: முடிந்தவர்களிடம் போன் நம்பரும் வாங்கிக்கொண்டார். அது பின்னால் பெரிதும் உதவியது.

எட்டு வாரத்தில் 212 வரிகள். பழைய வீடியோ கேசட்டை போனில் பார்க்கும்படி மாற்றித் தருவீர்களா என்று 47 பேர். கிழிந்த, மங்கிய பழைய படத்தைச் சரிசெய்ய 39 பேர். நெகட்டிவ் மட்டும் இருக்கிறது, படமாக்க முடியுமா என்று 31 பேர். போனிலிருந்து நேரே பிரின்ட் கேட்டவர்கள் 34 (பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு வாருங்கள் என்று அவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள், 2016-இல்!). ஜெராக்ஸ், லேமினேஷன் கேட்டவர்கள் 28. மீதி 33 பலவகை.

முதல் மூன்றையும் கூட்டினால் 117, பாதிக்கும் மேல். மூன்றும் ஒரே தேவையின் மூன்று முகங்கள்: வீட்டில் இருக்கும் பழைய நினைவுப்பொருளைப் பார்க்கும் கருவி இப்போது யாரிடமும் இல்லை. வி.எச்.எஸ். கேசட் 1976-இல் வந்தது. அதை ஓட்டும் வி.சி.ஆர்.களைக் கடைசிவரை தயாரித்துக்கொண்டிருந்த பூனாய் நிறுவனம் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்தியது. எங்கள் நோட்டு தொடங்கியது அதற்கு இரண்டு மாதம் கழித்து.

நோட்டைப் படித்துவிட்டு உரிமையாளர் வெகுநேரம் பேசவில்லை. கடைசியில் கவுன்ட்டரைப் பார்த்து, "இத்தனை பேரா கேட்டாங்க?" என்றார். "தினமும் கேக்கறாங்கண்ணே. நீங்கதானே, அதெல்லாம் இப்ப யாரும் பண்றதில்லன்னு சொல்லச் சொன்னீங்க" என்று பதில் வந்தது.

எடுத்த முடிவுகள், அவற்றுக்கான காரணம்

லேபை மூடுவது முதல் முடிவு. அதற்கு இரண்டு மாதப் பேச்சு தேவைப்பட்டது. "மெஷின் கடன் 2014-லயே முடிஞ்சாச்சு. இனிமே ஓடுற வரைக்கும் வர்றதெல்லாம் லாபம்தானே?" என்பது உரிமையாளரின் வாதம். போட்ட முதல் போனது போனதுதான், இன்று எடுக்கும் முடிவுக்கு அது காரணமாக முடியாது என்று நான் சொன்னேன். அவர் அசையவில்லை. ஆபரேட்டர் ஐந்து தொட்டிக் கெமிக்கலின் பில்களை ஒன்றாக மேசையில் வைத்த அன்றுதான் அசைந்தார். கையில் பிடிக்க முடிகிற காகிதம் செய்ததை என் தத்துவம் செய்யவில்லை.

எதை முதலில் செய்வது என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. புதியது, அதாவது நோட்டில் கேட்டபடி பழைய கேசட்டையும் நெகட்டிவையும் மாற்றித் தரும் வேலை, ஓடட்டும், பிறகு பழையதை மூடலாம் என்பது உரிமையாளர் எண்ணம். பழையதன் நட்டமே புதியதற்கான பணத்தைத் தின்றுவிடும் என்பது என் கவலை. கையிருப்பு ஐந்து மாதச் செலவுக்குத்தான் இருந்தது. இருவரும் ஒப்புக்கொண்டது இது: டிசம்பரில் சிறிய அளவில் சோதனை, 2017 ஜனவரி 31 லேபின் கடைசி நாள். சோதனை எப்படிப் போனாலும் அந்தத் தேதி மாறாது. காலண்டரில் வட்டம் போட்டபின்தான் முதல் பிளேயரை வாங்கினோம்.

சோதனைக்கு வாங்கியவை: பழுது நீக்கிய இரண்டு வி.சி.ஆர்., படம் நடுங்காமல் நிறுத்தும் ஒரு டைம் பேஸ் கரெக்டர், கணினியில் பதிவு செய்யும் ஒரு கார்டு. நெகட்டிவுக்குத் தனி ஸ்கேனர் வாங்கவில்லை. கடையில் இருந்த கேமராவையே ஸ்டாண்டில் கவிழ்த்து மாட்டி, மேக்ரோ லென்ஸ் போட்டு, கீழே விளக்குப் பெட்டி வைத்து நெகட்டிவைப் படமெடுத்தோம். இந்த யோசனை உரிமையாளருடையது. ஸ்கேனரில் நிமிடக்கணக்கில் ஆகும் வேலை இதில் நொடிகளில் முடிந்தது. அவர் 30 ஆண்டு கற்ற கைவேலை முதல்முறையாகப் புதிய வேலைக்குள் நுழைந்ததும் அப்போதுதான்.

நோட்டில் போன் நம்பர் இருந்த 38 பேரைக் கூப்பிட்டோம். 13 பேர் வந்தார்கள், 64 கேசட்டுகளோடு. பாதிப்பேராவது வருவார்கள் என்று நான் எழுதிவைத்திருந்தேன். விசாரிப்பவர் எல்லாரும் பணம் கட்டுபவர் அல்லர் என்பது எனக்குத் தெரியாததல்ல. இருந்தும் நோட்டின் எண்ணிக்கையில் மயங்கியிருந்தேன்.

ஆபரேட்டருக்கு வேலை மாற்றினோம். கலர் நெகட்டிவில் ஆரஞ்சுப் பூச்சு ஒன்று இருக்கும். அதை நீக்கி நிறத்தை மீட்பதில்தான் பெரும்பாலான மென்பொருள்கள் தடுமாறுகின்றன. இவரோ திரையைப் பார்த்த மாத்திரத்தில் மெஜந்தா தூக்கலாக இருக்கிறது, மஞ்சளில் இரண்டு புள்ளி கூட்டு என்பார். 19 ஆண்டு இயந்திரத்தின் முன் நின்ற கண். மவுஸ் பழக மூன்று வாரம் ஆனது. உதவியாளருக்குக் கொடுக்க வேலை இல்லை. மூன்று மாதச் சம்பளத்தோடு அவரை அனுப்பினார்கள். இளம் போட்டோகிராபர் ஏப்ரலில் தானாகவே விலகித் தனியாகத் தொழில் தொடங்கினார்.

பாஸ்போர்ட் படத்தைத் தொடவில்லை. அதற்கென ஒரு சிறிய தெர்மல் பிரின்டர் போதும். போனிலிருந்து உடனடிப் பிரின்ட்டும் அதிலேயே போடலாம். பெரிய ஆர்டர்களை வேறொரு லேபுக்கு அனுப்பி மறுநாள் வாங்கிக் கொடுத்தார்கள். பாஸ்போர்ட் படத்துக்குக் காத்திருப்பவர் கவுன்ட்டரில் ஏழெட்டு நிமிடம் சும்மா நிற்பார். அந்த இடத்தில் ஒரு சிறு திரை வைத்து, பழைய கேசட்டிலிருந்து எடுத்த காட்சிகளை ஓடவிட்டோம். கடை செய்த மிகச் சிறந்த விளம்பரம் அதுதான் என்பது என் கருத்து. விளக்குப் பலகையைவிடச் செலவு குறைவு.

பின்னர் நடந்தது

2017-இன் முதல் பாதி கடினமாக இருந்தது. வரவு ஆண்டுக்கு 27 என்ற வேகத்துக்கு இறங்கியது. லேபின் செலவும் போயிருந்ததால் கையிருப்பு தாக்குப்பிடித்தது. ஜூனில் கணக்கு ஏறக்குறையச் சமமானது.

விலையில் முதல் அடி விழுந்தது. ஒரு கேசட்டுக்கு இவ்வளவு என்று விலை வைத்திருந்தோம். 180 நிமிடக் கேசட்டில் சாதாரண வேகத்தில் மூன்று மணி நேரம் பதியும். லாங் பிளே வேகத்தில் பதிந்திருந்தால் ஆறு மணி நேரம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். டேப்பை வேகமாக ஓட்டிப் பதிவு செய்யவும் முடியாது. ஆறு மணி நேரப் பதிவை மாற்ற ஆறு மணி நேரம்தான் ஆகும். சோதனைக்கு வந்த 64-இல் 11 இப்படிப்பட்டவை. அதைப் பார்த்த பிறகும் மார்ச் வரை விலையை மாற்றாமல் இருந்தோம், ‘கேசட்டுக்கு இவ்வளவு’ என்று சொல்வது வாடிக்கையாளருக்கு எளிது என்பதற்காக. பிறகு பரிசோதனை இலவசம், ஓடும் மணிக்கு இவ்வளவு என்று மாற்றினோம்.

ஜூலையில் நடந்தது விலையைவிடப் பெரிது. ஈரமான இடத்தில் கிடந்த ஒரு கேசட்டில் பூஞ்சை இருந்தது. கண்ணாடி வழியாக உள்ளே பார்த்திருந்தால் வெள்ளையாகத் தெரிந்திருக்கும். வேலை மும்முரத்தில் பார்க்காமல் பிளேயரில் போட்டுவிட்டார்கள். அந்த டேப் கெட்டது; பூஞ்சைத் துகள் டேப்பைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி, அடுத்துப் போட்ட இரண்டு டேப்புகளையும் கீறிவிட்டது. அவற்றில் ஒன்றில் ஒருவரின் இறந்துபோன தாயார் பேசும் பதிவு இருந்தது. வேறு பிரதி கிடையாது. உரிமையாளர் நேரில் போய் நடந்ததை மறைக்காமல் சொன்னார், பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். அவர்கள் திட்டவில்லை. கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

பிரின்ட் கெட்டால் இன்னொன்று போட்டுக் கொடுத்துப் பழகிய கடை இது. நெகட்டிவ் இருக்கும்வரை எந்தத் தவறையும் திருத்த முடிந்தது. புதிய தொழிலில் வாடிக்கையாளர் கொண்டுவருவதே ஒரே பிரதி. இந்த வேறுபாட்டை நாங்கள் யாரும் முன்கூட்டி யோசிக்கவில்லை, நான் உட்பட. அதன்பின் வந்த ஒழுங்கு: வரும் ஒவ்வொரு பொருளையும் வாடிக்கையாளர் முன்னாலேயே விளக்கில் பார்த்து, நிலையை எழுதி, இருவரும் கையெழுத்திடுவது. பூஞ்சை தெரிந்தால் தனி உறையில் போட்டு, அதற்கென ஒதுக்கிய பிளேயருக்கு மட்டும் அனுப்புவது. புளிக்காடி வாசனை வரும் பழைய பிலிமை (அசிடேட் அடித்தளம் சிதைந்து அசிட்டிக் அமிலம் வெளியேறுவதன் அடையாளம்) மற்றவற்றோடு வைக்காமல் உடனே எடுத்து முடிப்பது. மாற்றிய கோப்புகளுக்கு மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று கடைக்கு வெளியே. வாடிக்கையாளர் திறந்து பார்த்துச் சரி என்று சொன்ன 30 நாள் கழித்தே அழிப்பது. பதிவு செய்யும் கோப்பு மணிக்கு 13 ஜி.பி. பிடிக்கும் என்பதால், சேமிப்புச் செலவையும் விலைக்குள் கொண்டுவர வேண்டியிருந்தது.

செப்டம்பரில் எதிர்மாறான தொல்லை: வேலை குவிந்தது. பத்து நாளில் தருகிறோம் என்று சொன்னது அக்டோபரில் ஏழு வாரமானது. ஒரு நாளைக்கு இரண்டு பிளேயர், எட்டு மணி நேரம் என்றால் 16 மணி. டேப் மாற்றுவது, ஹெட் துடைப்பது, மறுபடி ஓட்டுவது போக 11 மணிதான் நிகரம். வந்துகொண்டிருந்த வேலையோ நாளுக்கு 30 மணியைத் தொட்டது. ஆள் போட்டால் சரியாகிவிடும் என்று உரிமையாளர் நினைத்தார். தட்டுப்பாடு ஆளில் இல்லை, பிளேயரில்தான். ஒருவரே ஆறு பிளேயரைக் கவனிக்க முடியும், தொடங்கும் நேரத்தைத் தள்ளித் தள்ளி வைத்தால். நான்கு பழைய பிளேயர்களைத் தேடி வாங்க இரண்டு மாதம் ஆனது.

இடைப்பட்ட காலத்துக்கு நவம்பரில் விலையை 40 சதவீதம் ஏற்றினோம். உரிமையாளருக்கு இதில் பயம். அவர் வாழ்நாளெல்லாம் விலையைக் குறைத்தே பழகியவர். ஆர்டர் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. வரவு 12 சதவீதம் கூடியது, காத்திருப்பும் குறைந்தது. ஒரே பிரதி வைத்திருப்பவர் முதலில் கேட்பது ‘பத்திரமாகத் திரும்பக் கிடைக்குமா’ என்பதை. விலை அதற்கடுத்த கேள்விதான்.

2019 முடிவில்

வரவு 52, செலவு 43. உரிமையாளரின் சம்பளம் இந்தச் செலவுக்குள் அடக்கம். 2008-இன் 100-க்குக் கடை திரும்பவில்லை, திரும்பும் அறிகுறியும் இல்லை. டேப், நெகட்டிவ் மாற்றும் வேலை வரவில் 46 சதவீதம். பாஸ்போர்ட் படம் 24 சதவீதம். பங்கு குறைந்ததாகத் தோன்றினாலும் தொகை ஏறத்தாழ 2016 அளவுதான். பழைய படச் சீரமைப்பும் பிரின்ட்டும் 17. வெளி நிகழ்ச்சிகள் 13. போட்டோகிராபர் போனபின் அது சுருங்கிவிட்டது, மீட்க யாரும் முயலவில்லை.

லேப் இயந்திரத்தை நல்ல விலைக்கு வாங்க ஆளில்லை. மீதமிருந்த கெமிக்கலைச் சாக்கடையில் ஊற்ற முடியாது. உரிமம் பெற்றவர்களிடம் கட்டணம் கொடுத்தே ஒப்படைத்தார்கள். மூடும் செலவு என்று ஒன்று உண்டு என்பதை நான் திட்டத்தில் எழுதவே இல்லை.

மீண்டும் செய்தால் மாற்ற வேண்டியவை

ஊழியர்களிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும். லேப் மூடப்போவது உதவியாளருக்குத் தெரிந்தது, பழைய இயந்திர வியாபாரி வந்து கதவின் அகலத்தை அளந்தபோது. உறுதியாகாமல் எதற்குச் சொல்லிப் பயமுறுத்துவது என்று உரிமையாளரும் நானும் பேசி முடிவெடுத்திருந்தோம். அது தவறு. முன்பே சொல்லியிருந்தால் உதவியாளருக்கு இரண்டு மாதம் கிடைத்திருக்கும். நாங்கள் கொடுத்தது இரண்டு வாரம். போட்டோகிராபர் விலகியதற்கும் அந்த மௌனத்துக்கும் தொடர்பு உண்டு என்று கவுன்ட்டர் பெண் சொல்கிறார். உரிமையாளர் மறுக்கிறார். எனக்கு அந்தப் பெண் சொல்வதே சரியென்று படுகிறது.

நோட்டை எட்டு வாரத்தோடு நிறுத்தியிருக்கக் கூடாது. விடுமுறை முடிந்து வீட்டைச் சுத்தம் செய்பவர்கள் பரணிலிருந்து கேசட்டை எடுக்கும் காலம் அது. அதை ஆண்டு முழுமைக்குமான அளவாக எடுத்துக்கொண்டேன். அடுத்த பிப்ரவரி, மார்ச்சில் வேலை குறைந்தபோது இருவருமே தேவையில்லாமல் கலங்கினோம்.

முதல் டேப்பை வாங்குவதற்கு முன்பே நிலை அறிக்கைப் படிவம் இருந்திருக்க வேண்டும். ஜூலைச் சம்பவத்துக்குப் பின் அதைத் தயாரிக்க ஒரு பிற்பகல்தான் ஆனது.

சரியாக அமைந்தது என்று நான் நினைப்பது, மூடும் தேதியைச் சோதனையின் முடிவோடு கட்டிப்போடாதது. 13 பேர்தான் வந்தார்கள் என்ற செய்தி டிசம்பரில் கிடைத்தது. தேதி மட்டும் திறந்திருந்தால் லேப் இன்னும் ஓராண்டு ஓடியிருக்கும், கையிருப்பும் அதோடு போயிருக்கும். ஆனால் சோதனை முழுத் தோல்வியாகியிருந்தால் என்ன செய்திருப்போம் என்பதற்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும்.

புதிய தொழிலுக்கும் ஆயுள் உண்டு. காந்த டேப்புகள் சிதைகின்றன, ஓட்டும் கருவிகளும் உதிரி பாகமும் கிடைப்பதில்லை. ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலி ஆவணக் காப்பகம் 2017-இல் வெளியிட்ட எச்சரிக்கையில் டேப்புகளை மாற்றி முடிக்க 2025-ஐத்தான் கெடுவாகக் குறித்தது. 2019-இல் ஒரு பிளேயரின் ஹெட்டை மாற்ற வேறு இரண்டு பிளேயர்களைப் பிரிக்க வேண்டியிருந்தது. இன்னும் ஐந்தாறு ஆண்டு என்று உரிமையாளர் அப்போது கணக்கிட்டார்.

2019 கடைசியில் மறுபடி எட்டு வாரம் நோட்டு எழுதச் சொன்னேன். இந்த முறை 61 வரிகள். அவற்றில் 14 ஒரே கேள்வி: போனில் பல ஆயிரம் படம் கிடக்கிறது, நல்லதைப் பொறுக்கி அடுக்கித் தருவீர்களா? கவுன்ட்டர் பெண் 14-க்கும் பக்கத்தில் போன் நம்பர் எழுதியிருந்தார். உரிமையாளர் பென்சிலால் ஓரத்தில் எழுதியிருந்தது: ‘மணிக்கா, படத்துக்கா?’